மால்டாவுக்கு ஏழு கிலோ

மூன்று மணி பத்து. துளசியக்கா கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து நிறுத்துகிறார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்குகிறார். முதலில் ஜகார்த்தாவுக்கு விமானக் கட்டணம் பார்க்கிறார். அடுத்து ஹாட்யாய். அதன் பிறகு, ஏதோ விரல் வழுக்கிப் பட்டுவிட்டதுபோல, மால்டா.

"நேரா மால்டான்னு போட்டா அதுக்குத் தெரிஞ்சிரும் லா," என்பார். "நம்ம ஆசப்படுறோம்னு தெரிஞ்சா வெல ஏத்திரும். மீனு வாங்கப் போனா மொதல்ல நண்ட வெல கேக்கணும்."

திரையில் சிவப்பெழுத்தில் 'இரண்டு இருக்கைகள் மட்டுமே' என்று வரும். அதைப் பார்த்து அவர் பதறியதே இல்லை. பதினான்கு மாதங்களாக அந்த இரண்டு இருக்கைகளும் அப்படியே இருக்கின்றன என்பார். பிறகு கல்லாப் பக்கம் திரும்பி அன்றைய விலையை அறிவிப்பார். "இன்னைக்கு மூவாயிரத்து நூத்தம்பது." அந்த நேரத்தில் மற்ற மேசைகளில் நாலு நம்பர் குலுக்கலைப் பற்றிய பேச்சுதான் நடக்கும். புதிதாக வந்தவர்கள் இதையும் பரிசு எண் என்று நினைத்துத் தலையைத் திருப்புவார்கள். கல்லாவில் இருக்கும் நஜ்லாக்காவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நேற்றைக்கு எழுபது வெள்ளி குறைவு என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார். "ஏறட்டும். எறங்கித்தான ஆவணும்," என்று கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சோற்றைப் பிசைவார் துளசியக்கா.

மலேசியாவின் ஈப்போ நகரில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்தில் நஜ்லாக்காவும் அவர் கணவர் ஸைஃபுலும் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடை அது. நான் இரண்டு கடை தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மூன்று மணியாகிவிடும். கையில் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். புத்தகம் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. நஜ்லாக்கா ஒரு நாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கத்துக்கு எட்டு வார்த்ததான் தம்பி இருக்கு. மிச்ச எடத்துக்கும் சேத்தா காசு வாங்குனான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் புத்தகத்தைவிட அந்த இரண்டு பெண்களைப் பார்ப்பதுதான் அதிகம்.

துளசியக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. நகரத்து ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. காலை ஷிப்ட் முடிந்து வரும்போது அவரோடு கொஞ்சம் கஞ்சி வாசமும் சூடும் கூடவே வரும். விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று சுருங்கியிருக்கும். படுக்கை விரிப்புகளை எடை போட்டுத்தான் இயந்திரத்தில் போட வேண்டுமாம். ஒரு வருடம் தராசு கெட்டுக் கிடந்தது. மாற்றித் தருகிறோம் என்று மேலிடம் சொல்லிக்கொண்டே இருந்ததில் அக்காவின் கையே தராசாகிவிட்டது. புதுத் தராசு வந்த அன்று அவர் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "பதினொண்ணு நானூறு," என்றாராம். தராசு பதினொன்று முந்நூற்றெழுபது காட்டியது. தராசைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தக் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். யார் பையாவது நாற்காலியில் இருந்தால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் பையைத் தூக்கி, "ஒண்ணே முக்கா. தண்ணி பாட்டில எடுத்துட்டா ஒரு கிலோதான்," என்றார். மலிவு விமானத்தில் கையோடு ஏழு கிலோ மட்டும்தான் கொண்டுபோகலாம். பெட்டியைத் தனியாகப் போட்டால் அதற்குத் தனிக் கட்டணம். ஆகவே அவரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் இரண்டே வகை: ஏழு கிலோவுக்குள் வருபவை, வராதவை. இரண்டு பஞ்சாபி சூட், ஒரு துண்டு, நெத்திலிச் சம்பல் ஒரு பாட்டில். நஜ்லாக்கா தன் தொழுகைப் பாயை எடுத்து வந்து காட்டியபோது, அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சம்பல கொறச்சுக்கலாம்," என்றார்.

ஏன் மால்டா என்று கேட்டால் சுவரைக் காட்டுவார். சுவரில் மூன்று துளை பிளக்கு இருக்கும். "அங்கயும் இதேதான். அடாப்டர் வேணாம்." அதற்குப் பிறகு மற்றவை வரும். மத்தியதரைக் கடலில், இத்தாலிக்குக் கீழே இருக்கிற தீவு. கார் இடப்பக்கம் ஓடுகிறது. ஆங்கிலம் செல்லும். வெள்ளைக்காரன் அங்கேயும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறான். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. "மொத்தத் தீவும் நம்ம கிந்தா மாவட்டத்துல கால்வாசி லா. தொலஞ்சு போனாலும் சாயந்தரத்துக்குள்ள கண்டுபிடிச்சிரலாம்."

இதெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட நியாயங்கள். முதலில் வந்தது ஒரு படம். அறையைக் காலி செய்த விருந்தினர் ஒருவரின் படுக்கை விரிப்புக்குள் சுருண்டு, சலவைக்கே வந்து சேர்ந்தது ஒரு சுற்றுலாப் புத்தகம். மூன்று மாதம் யாரும் கேட்காததால் அது அக்காவுடையதாயிற்று. அதில் ஒரு பக்கத்தை எனக்கும் காட்டியிருக்கிறார். ஒரு படகு. அதன் கீழே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. படகு அந்தரத்தில் நிற்கிறது, அதன் நிழல் எங்கோ கீழே மணலில் கிடக்கிறது. "நம்ம லுமூட் கடல்ல கால வச்சா காலே தெரியாது. இங்க பாரு," என்று மட்டும் சொன்னார். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று ஸைஃபுல் அண்ணன் பலமுறை கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அக்கா ஏற்கனவே துடைத்த மேசையை மறுபடி துடைப்பார்.

நஜ்லாக்கா கூடப் போவதற்கான காரணம் எளிமையானது. எட்டு வயதிலிருந்து கடையில் நிற்பவர். மக்காவுக்கு ஒரு முறை போயிருக்கிறார், அது இறைவனுக்காக. இந்தப் பத்து நாள் தனக்காக. ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், வேறு யாராவது வந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். "அவன் கேக்குறப்ப நான் ஒடனே சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ மாத்தி மாத்திச் சொல்லுவேன்," என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறார்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்டோபர் டிக்கெட்டின் விலை இறங்கியது. அன்று அக்கா கல்லாப் பக்கம் திரும்பவில்லை, எதையும் அறிவிக்கவில்லை. பிசைந்த சோறு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ரோம் வரை ஒரு டிக்கெட், ரோமிலிருந்து மால்டாவுக்கு இன்னொன்று, போகும் வழியில் இஸ்தான்புலில் பதினொரு மணி நேரக் காத்திருப்பு. எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூற்றறுபது. இடது கையாலேயே எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். நஜ்லாக்காவின் பாஸ்போர்ட் எண்ணைக்கூடக் கேட்கவில்லை, மனப்பாடம். கடைசியில் வந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார், ஏதோ உறுதிமொழி எடுப்பதுபோல. பணம் திருப்பித் தரப்பட மாட்டாது, தேதி மாற்ற முடியாது, பெயர் மாற்ற முடியாது. அழுத்தினார். எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

தப்பு நடந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

பீடோர் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டத்தை மூடியபோது அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தவை. தோட்டத்து லயக் குடியிருப்பில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்களோ, அதே ஒழுங்கில் இங்கேயும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முதல் வீடு அக்காவின் அண்ணன் கனகராஜுடையது. ஒன்பதாவது வீடு என் அம்மா மாரியம்மாவுடையது. முதல் வீட்டில் பேசியது எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு வெங்காயம் வதங்கும் நேரம் போதும்.

பேத்திக்கு அக்டோபரில் காது குத்து, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அக்காவின் இருபத்திரண்டு வருட லீவும் இப்படித்தான் போயிருக்கிறது. பிரசவம், ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி. கல்யாணமாகாதவர் என்பதால் நோயாளிக்குத் துணையிருக்க ஆள் வேண்டுமென்றால் உறவுக்காரர்களுக்கு அவர் எண்தான் முதலில் ஞாபகம் வரும். இந்த முறை தான் ஊரில் இருக்கப்போவதில்லை என்றார். எங்கே என்று அண்ணன் கேட்டார். அக்காவின் வாயிலிருந்து வந்தது: "ராமேஸ்வரம்."

திங்கட்கிழமை கடையில் இதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "சும்மா போறேன்னு சொல்ல வரல லா. அங்க யாரு இருக்கா, என்ன கோயிலு, எதுக்குன்னு கேப்பாங்க. வாயில அதுதான் வந்துச்சு." நஜ்லாக்கா சிரித்த சிரிப்பில் கல்லாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வரிசை வீடுகளிலிருந்து ஒருவர் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

போகிறவர் தனியாகப் போக முடியாது. எல்லோருடைய வேண்டுதலையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மஞ்சளில் நனைத்த துணியில் ஐம்பது காசோ ஒரு வெள்ளியோ முடிந்து, யார் பேருக்கு, என்ன நட்சத்திரம் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். எடுத்துப் போக முடியுமா என்று கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. கொடுப்பார்கள். வாங்காதவர் திமிர் பிடித்தவர். இரண்டு வாரத்தில் பதினோரு முடிச்சுகள் வந்துவிட்டன. அண்ணன் அதோடு ஒரு லிட்டர் தீர்த்தமும் கேட்டிருந்தார். என் அம்மா கொடுத்த முடிச்சை நானே கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மாவின் வேண்டுதல். உண்மை தெரிந்தவன், வாயைத் திறக்காமல் முடிச்சை மேசையில் வைத்தேன். அக்காவும் வாயைத் திறக்காமல் எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டார்.

வழி கண்டுபிடித்தது நஜ்லாக்காதான். அவருடைய சின்னம்மா மகள் ரஸ்னா ராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ரஸ்னாவின் கணவர் ராமேஸ்வரத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறார். அடுத்த மாதம் நஜ்லாக்காவின் மாமா ஊருக்குப் போகிறார், அவரிடம் டின்னைக் கொடுத்துவிட்டால் முடிச்சுகள் உண்டியலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "போடுறது முஸ்லிமா இருந்தா என்ன? ஒங்க சாமி ஐசி கார்டு கேக்கவா போவுது?" என்றார். அக்கா அதற்கு ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. நல்லம்மாள் வரும்வரை.

நல்லம்மாள் அக்காவின் வயதுக்காரர், வரிசையில் ஆறாவது வீடு. சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆகஸ்ட்டில் ஒரு நாள் பீடோரிலிருந்து பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துக் கடைக்கே வந்துவிட்டார். அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

அவருடைய மகன் தர்மேந்திரனை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. மூன்று வருடத்துக்கு முன்னால் மனம் சரியில்லாமல் போய், தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தும் வந்தும் இருந்தான். இப்போது நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறான். மருந்தைத் தவறவிடுவதில்லை. பீடோரில் கொய்யாப்பழக் கடை ஒன்றில் வேலைக்கும் போகிறான்.

பொட்டலத்தில் இருந்தது அவனுடைய சட்டை. முதல் தடவை அவனைக் கூட்டிப் போன அன்று போட்டிருந்தது. ராமேஸ்வரத்துக் கடலில் முழுகி எழுந்து இதை அலையோடு விட்டுவிட வேண்டும். நோயும் அதோடு போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. "நீயே ஒங் கையால வுடு துளசி," என்றார் நல்லம்மாள். "தொவச்சிராத. நான் அன்னையிலேந்து அப்படியே வச்சிருக்கேன்."

அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வழக்கமாக எதைக் கையில் கொடுத்தாலும் எடையைச் சொல்பவர், இதற்கு மட்டும் எடை சொல்லவில்லை. நல்லம்மாள் நான்கு மணி பஸ்ஸுக்குப் போன பிறகும் அதை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

நஜ்லாக்கா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இதையும் டின்னில் போட்டு அனுப்பிவிடலாம், ரஸ்னாவின் கணவர் தண்ணீரில் இறங்கி விட்டுவிடுவார், யாருக்குத் தெரியப்போகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"முடிச்சு வேற நஜ்லா. இது அந்தப் பையன் சட்ட," என்றார் அக்கா. "நான் தண்ணில நின்னு கைய வுட்டேன்னு அவ காலம் பூரா நெனச்சிட்டு இருப்பா."

அடுத்த ஒரு வாரம் மூன்று மணி பத்துக்கு ஜகார்த்தாவும் இல்லை, ஹாட்யாயும் இல்லை. அக்கா நேராகத் திருச்சிக்கு விலை பார்த்தார். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில். எதையும் அறிவிக்கவில்லை என்றாலும் அவருடைய மூக்குக்கண்ணாடியில் தெரியும் திரையை நஜ்லாக்கா கல்லாவிலிருந்தே படித்துவிட்டார். மால்டா டிக்கெட் போனால் போகட்டும், அந்தப் பத்து நாளைக்கு ராமேஸ்வரம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று அக்கா ஒரு நாள் சொன்னபோது, கல்லா இழுப்பறை மூடிய சத்தத்தில் ரொட்டி சானாய் மாவை வீசிக்கொண்டிருந்த ஸைஃபுல் அண்ணன் கையை நிறுத்தினார்.

"அப்ப நான் மட்டும் இஸ்தான்புல்ல பதினோரு மணி நேரம் செவுத்தப் பாத்துட்டு ஒக்காரவா?" என்றார் நஜ்லாக்கா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இருவத்திரண்டு வருசமா ஊரான் வீட்டுத் துணியத்தான தூக்குற. லீவுலயும் அதத்தான் தூக்கணுமா லா ஒனக்கு?"

அக்கா எழுந்து போய்விட்டார். சோற்றுக்குக் காசு கொடுக்க மறந்து போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான். மறுநாள் வந்து, வாசலில் நின்றபடியே, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்க முடியுமா என்று நஜ்லாக்காவிடம் கேட்டார்.

நஜ்லாக்காவின் மைவி காரில் முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நானும் பிஸ்கட் டின்னும். வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்கப் போகிறவன் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கோப்பெங், கம்பார், தாப்பா என்று ஊர்களைத் தாண்டிப் போனோம். வரிசையின் முனையில் காரை நிறுத்திவிட்டு நஜ்லாக்கா இயந்திரத்தை அணைக்கவில்லை. "அடிக்க வந்தாங்கன்னா ஓடியா. கதவத் தொறந்தே வைக்கிறேன்," என்றார்.

முதல் வீட்டில் அதிக நேரம் ஆகவில்லை. திண்டாடித் திண்டாடி அக்கா சொல்லி முடித்ததும் கனகராஜ் மாமா மூன்று கேள்விகள்தான் கேட்டார். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. என்ன கோயில்? மாதா கோயில் நிறைய இருக்கிறதாம், நம் கோயில் தெரியவில்லை. அப்படியானால் எதற்கு? அக்கா கையிலிருந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிருக்க," என்றார் மாமா. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். அக்கா முடிச்சை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது வீட்டில் திட்டு. மூன்றாவது வீட்டில், மால்டாவில் சாக்லேட் மலிவா என்று கேட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர் முடிச்சைத் திரும்ப வாங்கவே மறுத்துவிட்டார். என்றைக்காவது ஒரு நாள் ராமேஸ்வரம் போகாமலா இருப்பாய், அதுவரை உன்னிடமே இருக்கட்டும் என்றார். ஆறாவது வீட்டை அக்கா பார்க்காமல் தாண்டினார். எங்கள் வீட்டில் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிச்சை அவிழ்த்து உள்ளேயிருந்த காசை எடுத்து அக்காவின் கையிலேயே வைத்தார். "அங்க ஒரு டீ குடி, என் பேரச் சொல்லி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் தெரியுமாடா இது?" நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, திரும்பி நடந்து, ஆறாவது வீடு.

நல்லம்மாள் வீட்டு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். தர்மேந்திரன் வேலைக்குப் போயிருந்தான். மற்ற வீடுகளில் பேசியது அதற்குள் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். அக்கா நாளிதழ்ப் பொட்டலத்தை நீட்டியபோது அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். நான் வேலி ஓரமாக நின்றேன். போய்விடலாமா என்று தோன்றியது, போக முடியவில்லை.

"அதுவும் கடலுதான துளசி," என்றார் நல்லம்மாள், தலை நிமிராமல். "எல்லாக் கடலும் ஒண்ணோட ஒண்ணு சேந்துதான கெடக்கு. அங்கயே வுட்டுட்டு வந்துரேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை போதும். சட்டையும் ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

"இல்ல நல்லம்மா," என்றார் துளசியக்கா. "அது வேற தண்ணி. நான் அங்க சந்தோசமா இருக்கப் போறேன். ஒங் கஷ்டத்த அதுல கொண்டுபோயி வுட மாட்டேன். நான் வந்தப்பறம் தைக்கு ராமேஸ்வரம் போலாம், நீயும் நானும். ஒங் கையால வுடு. டிக்கெட்டு நான் பாத்துத் தாரேன்."

கனகராஜ் மாமா தன் வீட்டு இரும்புக் கதவுவரை வந்து நின்றிருந்தார். என் அம்மா வெளியே வந்திருந்தார். நான்காவது வீட்டுக்காரரும் அவர் மருமகளும் ஒரே ஜன்னலில் தெரிந்தார்கள். வரிசை முனையில் மைவியின் கண்ணாடி இறங்கியது.

"அப்படி என்னதான் லா செய்வ அங்க போயி?" என்று கேட்டார் நல்லம்மாள்.

அக்கா வரிசையின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தார். கைப்பையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். அன்று அவர் போட்டிருந்தது தானே கஞ்சி போட்டுத் தேய்த்த வெளிர்நீலப் பஞ்சாபி சூட், ஒரு சுருக்கம் கிடையாது. அதோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு கையை ஊன்றி, மெதுவாக, மல்லாந்து படுத்தார். கால்களைச் சேர்த்து, பிறகு கொஞ்சம் அகற்றினார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கைகளை மேலே திருப்பினார். முகவாயைத் தூக்கிக் கண்ணை மூடினார்.

"இப்படி," என்றார். "தண்ணி மேல."

அக்கா எழுந்துகொள்ளவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டு, போனது. விரித்த இடது கையின் விரல்கள் வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் இடித்துக்கொண்டு மடங்கியிருந்தன.

நல்லம்மாள் மடியில் பொட்டலத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் இருந்தபடியே ஒரு காலை நீட்டி, அந்தச் செருப்புகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிவிட்டார்.